பொம்மை நீராவி எஞ்சின்: மெருகும் சாட்சியமும்

பொம்மைக் குதிரை புல் தின்பதில்லை. பொம்மைத் துப்பாக்கி சுடுவதில்லை. விளையாட்டுப் பொருள்கள் பெரும்பாலும் தாம் சுட்டும் பொருளின் வடிவத்தை மட்டுமே கடன்வாங்குகின்றன. இந்தப் பொதுவிதிக்கு விலக்காக நிற்பது பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோன்றிய பொம்மை நீராவி எஞ்சின். அதன் கொதிகலனில் நீர் உண்மையாகவே கொதிக்கிறது. நீராவியின் அழுத்தம் உருளைக்குள் பிஸ்டனை உண்மையாகவே தள்ளுகிறது. கவனம் தவறினால் கை உண்மையாகவே வெந்துபோகும். மேசைமேல் வைக்கும் அளவுக்குச் சிறுத்த பிறகும் அது எஞ்சினாகவே இருக்கிறது.

இத்தன்மையால்தான், பழைய பொம்மை எஞ்சின்களைச் சேகரித்துச் சீரமைப்போர் ஒரு சிக்கலை ஓயாமல் எதிர்கொள்கின்றனர். நூறாண்டு கடந்த எஞ்சின் ஒன்று கைக்கு வரும்போது அதனை மீண்டும் ஓடச் செய்வதா, ஓடாத நிலையிலேயே காப்பதா? ஓடச் செய்வதென்றால் பழைய உறுப்புகள் சிலவற்றை மாற்ற நேரும். பழைய வண்ணம் தீயில் கருகும். ஓடாமல் வைத்தாலோ, எச்செயலுக்காக அது படைக்கப்பட்டதோ அச்செயல் மறைந்துபோகும். பொழுதுபோக்காளர்களின் உட்பூசல் போலத் தோன்றும் இக்கேள்வி உண்மையில் பொருட்பண்பாட்டு வரலாற்றைச் சார்ந்தது. இவ்வெஞ்சின்களைச் செய்த நிறுவனங்கள் பல மறைந்துவிட்டன. சிலவற்றின் உரிமையாளர்கள் நாட்டைவிட்டே துரத்தப்பட்டனர். அவர்களைப் பற்றிப் பேசக்கூடிய சான்றுகளுள் அவர்கள் செய்த பொருள்களே முதன்மையானவை. ஆகவே, சீரமைப்பாளர் எதைத் தேய்க்கிறார், எதை விட்டுவைக்கிறார் என்பது வரலாற்றாய்வாளரையும் தொடும் செய்தி.

கொதிகலன் சொல்லும் கதை

மிக எளிய பொம்மை எஞ்சினின் அமைப்பு இது: பித்தளைத் தகட்டாலான கொதிகலன், அதன் அடியில் ஒரு ஸ்பிரிட் விளக்கு, மேலே விற்சுருளால் இயங்கும் பாதுகாப்பு வால்வு, ஒரு நீராவிக் குழாய், ஓர் உருளை, ஃப்ளைவீல் எனப்படும் கனத்த சக்கரம். மலிவான எஞ்சின்களில் உருளை நிலையாக இருப்பதில்லை. அது ஓர் அச்சில் தொட்டில்போல் ஆடும். ஒருபுறம் ஆடும்போது உருளையின் முகத்திலுள்ள துளை நீராவி வரும் துளையோடு பொருந்தும். மறுபுறம் ஆடும்போது வெளியேற்றும் துளையோடு பொருந்தும். தனி வால்வும் அதனை இயக்கும் தண்டுகளும் தேவைப்படாமற் போனதால், ஒரு முழு எஞ்சினைச் சிறுவர்களுக்கு எட்டும் விலையில் விற்க முடிந்தது. விலையுயர்ந்த வகைகளில் மட்டுமே நிலையான உருளையும் பெரிய எஞ்சின்களில் உள்ளதுபோன்ற நழுவு வால்வும் அமைந்தன.

கொதிகலனின் மூட்டுகள் பெரும்பாலும் வெள்ளீயமும் காரீயமும் கலந்த மெல்லிய பற்றாசினால் இணைக்கப்பட்டவை. அப்பற்றாசு ஏறத்தாழ 183 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலேயே இளகத் தொடங்கும். ஸ்பிரிட் சுடரின் வெப்பமோ அதைப்போல் பல மடங்கு. இருந்தும் மூட்டு உருகாமல் இருப்பதற்குக் காரணம் உள்ளே இருக்கும் நீர். பொம்மைக் கொதிகலனின் மிதமான அழுத்தத்தில் நீர் 100 டிகிரியைச் சற்றே கடந்து கொதிக்கிறது; கொதிக்கும் நீர் வெப்பத்தை உடனுக்குடன் வாங்கிக்கொள்வதால், அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் உலோகம் அந்த வெப்பநிலையை அதிகம் தாண்டுவதில்லை. நீர் வற்றிய மறுநொடி நிலைமை தலைகீழாகிறது. பற்றாசு உருகிக் கொதிகலனின் முனைத்தட்டு கழன்றுவிடும்.

பழைய பொம்மை எஞ்சின்களில் மிகுதியாகக் காணப்படும் சேதம் இதுவே. விளையாட்டின் உற்சாகத்தில் நீரளவைப் பார்க்க மறந்த ஏதோ ஒரு பிற்பகலின் தடயம் அது. அடித்தட்டில் கருகிய வண்ணம் விளக்கில் எரிபொருள் வழிந்ததைச் சொல்கிறது. கொதிகலனுள் படிந்த சுண்ணாம்பு அவ்வீட்டுத் தண்ணீரின் கடினத்தைச் சொல்கிறது. உருளை முகத்தின் தேய்மானம் அது எவ்வளவு ஓடியது என்பதைச் சொல்கிறது. தேய்மானமே இல்லாத எஞ்சின், ‘தொடாதே’ என்ற கட்டளையோடு அலமாரியில் வைக்கப்பட்டிருந்த விலையுயர்ந்த பரிசாக இருந்திருக்கலாம். குழந்தைகள் தம் விளையாட்டைப் பற்றி ஆவணங்கள் எழுதி வைப்பதில்லை. இத்தகைய தடயங்களே அவர்கள் விட்டுச்சென்றவை.

பர்மிங்காமிலிருந்து நூரெம்பெர்க்குக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பர்மிங்காம் போன்ற ஆங்கிலேய உலோகத்தொழில் நகரங்களில் பித்தளையாலான சிறு ரயில் எஞ்சின்கள் செய்யப்பட்டன. அவற்றுக்குத் தண்டவாளம் கிடையாது, தரையிலேயே ஓடின. ஆடும் உருளையின் இடுக்குகள் வழியே நீர் ஒழுகி, ஓடிய தடமெல்லாம் ஈரக்கோடு விழுந்ததால் ‘ஒழுகிகள்’ என்னும் பொருள்படும் கேலிப்பெயர் அவற்றுக்கு ஒட்டிக்கொண்டது. நீரோடு எண்ணெயும் சிலவேளை எரியும் ஸ்பிரிட்டும் கம்பளத்தின்மேல் சிந்தின. அறிவியல் கருவிகள் விற்போரும் மாதிரிக் கப்பல் கடைக்காரர்களும் இவற்றை விற்றனர்.

அடுத்த தலைமுறையில் இத்தொழிலின் மையம் ஜெர்மனிக்குப் பெயர்ந்தது. நூரெம்பெர்க் நகரம் பல நூற்றாண்டுகளாகவே உலோகக் கைவினைக்கும் பொம்மைக்கும் பேர்பெற்றது. ஜெர்மனியின் முதல் நீராவி ரயில் 1835 டிசம்பர் 7 அன்று ஓடியதும் அந்நகருக்கும் ஃபூர்த் நகருக்கும் இடையில்தான். அதை இழுத்த ‘ஆட்லர்’ எஞ்சின் இங்கிலாந்தின் நியூகாசிலிலுள்ள ஸ்டீபன்சன் பட்டறையிலிருந்து வந்தது. எழுபது ஆண்டுகளுக்குள் சரக்கின் திசை மாறியது: ஆங்கிலேய ரயில்வேக்களின் எஞ்சின்களைப் போலவே வடிவமைத்த பொம்மைகளை நூரெம்பெர்க் செய்து ஆங்கிலேயச் சிறுவர்களுக்கு ஏற்றுமதி செய்தது.

எர்ன்ஸ்ட் பிளாங்க் 1866-இல் தொடங்கிய நிறுவனம் நீராவிப் பொம்மைகளுக்கும் மாய விளக்குகளுக்கும் பெயர்பெற்றது. ஜான் ஷோனர் 1875-இலும், பிரெஞ்சுக்காரரான ஜார்ஜ் காரெட் 1886-இலும் தொழிலில் இறங்கினர். இக்னாஸ் பிங், அடால்ஃப் பிங் என்னும் சகோதரர்கள் 1863-இல் தொடங்கிய வணிகம் முதலில் உலோக வீட்டுப் பொருள்களைக் கையாண்டது. பின்னர் பொம்மைக்குத் திரும்பி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகின் மிகப் பெரிய பொம்மை நிறுவனங்களுள் ஒன்றாயிற்று. 1898-இல் பீட்டர் டால், ஈசாக் சோண்ட்ஹைம் ஆகிய இருவரும் தொடங்கிய டால் நிறுவனம் நிலைத்த நீராவி எஞ்சின்களையும் அவற்றால் இயங்கும் துணைப் பொம்மைகளையும் தன் சிறப்புத் துறையாகக் கொண்டது. நூரெம்பெர்க்குக்கு வெளியே, கோப்பிங்கனில் 1859-இல் தோன்றிய மார்க்ளின் 1891-இன் லைப்சிக் சந்தையில் அளவு வரையறுத்த தண்டவாளங்களோடு பொம்மை ரயில் தொகுதியை அறிமுகப்படுத்தியது.

1899-இல் நார்தாம்ப்டனில் தன் பெயரில் நிறுவனம் தொடங்கிய பாசெட்-லோக், 1900-ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியில் ஜெர்மானியப் பொம்மைகளின் தரத்தைக் கண்டு வியந்தார். பிங், காரெட் ஆகிய நிறுவனங்களைக் கொண்டே ஆங்கிலேய எஞ்சின் மாதிரிகளைச் செய்வித்து விற்றார். இத்தகைய ஏற்பாடுகளில் விற்றவர் பெயர் பளிச்சென்று நிற்க, செய்தவர் பெயர் பொருளின் ஏதாவதொரு மூலையில் ஒடுங்கியது. சிலவேளை இடம்பெறவே இல்லை.

எனவேதான் முத்திரைகளைப் படிப்பது சேகரிப்பாளரின் முதற்கல்வியாகிறது. பிரிட்டன் 1887-இல் இயற்றிய வணிகக்குறிச் சட்டம், அயல்நாட்டுப் பொருள் உள்நாட்டுப் பொருளாக வேடமிடுவதைத் தடுத்தது. ‘ஜெர்மனியில் செய்தது’ என்ற தொடர் உலகறிந்ததாயிற்று. அமெரிக்காவின் 1890-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டமும் இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயரைக் கோரியது. ஜெர்மனியில் 1891-இல் பயன்பாட்டு மாதிரிகளைப் பதிவுசெய்யும் சட்டம் வந்தபின் ‘டி.ஆர்.ஜி.எம்.’ என்னும் எழுத்துகள் பொம்மைகளில் தோன்றின. அவ்வெழுத்துகளைத் தாங்கிய பொருள் அவ்வாண்டுக்கு முற்பட்டதாக இருக்க முடியாது. பிங் நிறுவனத்தின் ‘ஜி.பி.என்.’ முத்திரை முதல் உலகப் போர்க்காலம்வரை வழங்கியது, அதன்பின் ‘பி.டபிள்யூ.’ வந்தது. கல்வெட்டாய்வாளர் எழுத்தமைதியைக் கொண்டு காலம் கணிப்பதுபோல, இத்துறையில் முத்திரையே காலக் கணிப்புக்கு அடிப்படை.

மேசைமேல் ஓர் ஆலை

அமெரிக்காவில் இப்பொம்மை பரவிய வழி வேறு. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நியூ பெட்ஃபோர்ட் நகரில் இயங்கிய வீடன் நிறுவனத்தின் செங்குத்து எஞ்சின் 1884-இல் ‘யூத்ஸ் கம்பேனியன்’ என்னும் சிறுவர் இதழ்வழியே வெளிவந்தது. இதழுக்குச் சந்தா சேர்த்துத் தந்த சிறுவர்களுக்கு அது பரிசு. விலை கொடுத்து வாங்க இயலாத சிறுவனும் அண்டை வீடுகளில் சந்தா திரட்டி ஓர் எஞ்சினுக்கு உரிமையாளனாகலாம். எஞ்சின் கற்பித்த பாடம் இயற்பியல் என்றால், அதை அடையும் வழி கற்பித்த பாடம் விற்பனை.

எஞ்சின் தனியாக வந்தால் அதன் சக்கரம் வெறுமனே சுழலும். அதற்கு வேலை கொடுப்பதற்காகவே நூற்றுக்கணக்கான துணைப் பொம்மைகள் செய்யப்பட்டன: அரவை ஆலை, வட்ட ரம்பம், சம்மட்டி, நீரேற்றும் பம்பு, இராட்டினம். சாணைக்கல்லில் குனிந்திருக்கும் தகரத் தொழிலாளி, பட்டறைக்கல்லில் ஓயாமல் அடிக்கும் தகரக் கொல்லன் ஆகியோர் நூல்கயிற்றாலோ விற்சுருள் பட்டையாலோ எஞ்சினோடு இணைக்கப்பட்டனர். ஒரே எஞ்சின் நீண்ட தண்டு வழியாகப் பல பொறிகளை ஓட்டும் அக்காலத் தொழிற்சாலை அப்படியே மேசைக்கு வந்தது. அந்த ஆலையில் கூலி இல்லை, வேலைநேரம் இல்லை, வேலைநிறுத்தம் இல்லை. விளக்கை ஏற்றினால் தொழிலாளி உழைப்பான், அணைத்தால் நிற்பான். முதலாளியின் இடத்தில் ஒரு சிறுவன் அமர்ந்திருந்தான்.

சிறுவன் என்ற சொல் இங்கே தற்செயலாக வரவில்லை. நிறுவனங்களின் விலைப்பட்டியல்களும் விளம்பரங்களும் எஞ்சினை ஆண்பிள்ளைகளுக்கே உரித்தாக்கின. அதே பிங், மார்க்ளின் நிறுவனங்கள் பெண்பிள்ளைகளுக்காகப் பொம்மை அடுப்புகளையும் செய்தன. அவற்றிலும் ஸ்பிரிட் விளக்கு எரிந்தது, அவற்றிலும் நீர் கொதித்தது. தகரமும் தீயும் நீரும் இருபாலாருக்கும் ஒன்றே. ஒன்றில் நீராவி பிஸ்டனைத் தள்ளியது. மற்றொன்றில் பாத்திர மூடியைத் தள்ளியது. இன்றைய ஏலங்களிலும் நூல்களிலும் இவை தனித்தனிப் பிரிவுகளாகவே வைக்கப்படுவதால், ஒரே தொழிற்சாலையின் ஒரே தொழில்நுட்பம் பால்வழிப் பிரிக்கப்பட்ட செய்தி எளிதில் கண்ணில் படுவதில்லை.

அழிந்த பெயர்கள்

முதல் உலகப் போர் இத்தொழிலின் உலகத்தை உடைத்தது. பிரெஞ்சுக் குடிமகனான காரெட்டுக்கு ஜெர்மனியில் இடமில்லாமற் போயிற்று. அவருடைய நிறுவனம் 1917-இல் முடிவுக்கு வந்தது. பிரிட்டனில் ஜெர்மானியப் பொருள்கள்மீது வெறுப்பு மிகுந்தது. போருக்குப் பின் உள்நாட்டு நிறுவனங்கள் அந்த இடத்தைப் பிடித்தன: நார்ஃபோக் மாவட்டத்தின் டெரஹாமில் இயங்கிய போமன், 1937-இல் பர்மிங்காமில் ஜெஃப்ரி மாலின்ஸ் தொடங்கி ‘மாமோட்’ என்ற பெயரால் அறியப்பட்ட நிறுவனம் ஆகியன குறிப்பிடத்தக்கவை. அமெரிக்காவில் டேனிஷ் குடியேறியான டாம் ஜென்சன் 1932-இல் பென்சில்வேனியாவின் ஜீனெட் நகரில் தொடங்கிய நிறுவனம், மின்சாரத்தால் சூடேறும் கொதிகலன்களைப் பரப்பியது.

ஜெர்மனியிலோ வேறொரு அழிவு நிகழ்ந்தது. பிங் குடும்பம் யூதக் குடும்பம். இக்னாஸ் பிங் 1918-இல் மறைந்தார். பெருமந்தத்தின் அடியில் நிறுவனம் 1932-இல் நொடித்தது. அவர் மகன் ஸ்டீபன் பிங் நூரெம்பெர்க்கிலேயே ட்ரிக்ஸ் என்ற பொம்மைத் தொழிலை வளர்த்திருந்தார். நாஜி ஆட்சியில் அதைக் கைவிட்டு இங்கிலாந்தில் அடைக்கலம் புக நேர்ந்தது. டால் நிறுவனத்தின் கதை இன்னும் வெளிப்படையானது. யூதர்களின் சொத்துகளைப் பறித்து ‘ஆரிய’ உடைமையாக்கும் கொள்கையின்கீழ் 1938-இல் அது ஃப்ளைஷ்மன் நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. சோண்ட்ஹைமும் டாலும் நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு தொடங்கிவைத்த நீராவிப் பொம்மை மரபு, போருக்குப் பின் ஃப்ளைஷ்மன் பெயரால் 1960களின் இறுதிவரை சந்தையில் தொடர்ந்தது. நூரெம்பெர்க் என்ற பெயரை இன்று உலகம் பொம்மைகளோடும், 1935-இன் இனவெறிச் சட்டங்களோடும், 1945-இல் தொடங்கிய போர்க்குற்ற விசாரணையோடும் சேர்த்தே நினைக்கிறது. இம்மூன்றும் தனித்தனி வரலாறுகள் இல்லை என்பதற்கு டால் எஞ்சின் ஒன்றே போதிய சாட்சி.

சீரமைப்பாளர் இங்குதான் வரலாற்றுக்குள் நுழைகிறார். டால் முத்திரை தாங்கிய அடித்தட்டு துருப்பிடித்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதைச் சுரண்டி, புது வண்ணம் பூசி, பளபளக்கும் எஞ்சினாக விற்றால், அடுத்து வாங்குபவர் வடிவத்தை மட்டும் பார்த்து அதை ஃப்ளைஷ்மன் எஞ்சின் என்று பதிவுசெய்யக்கூடும். 1938-இல் சட்டத்தின் பெயரால் பறிக்கப்பட்ட பெயர், பிற்காலத்தில் உப்புத்தாளால் இரண்டாம் முறை பறிபோகும்; அம்முறை எவருக்கும் தீய நோக்கம் இருந்திராது.

சீரமைப்பு மேசையில்

பித்தளை மங்கினால் புளி போட்டுத் தேய்ப்பது தமிழ் வீடுகளின் வழக்கம்; பளபளப்பே தூய்மைக்கு அடையாளம். பாத்திரத்துக்குப் பொருந்தும் இவ்வறம் பழம்பொருளுக்குப் பொருந்துவதில்லை. ஜெர்மானியக் கொதிகலன்கள் பல, செய்யப்பட்டபோதே நீலம் பாய்ச்சிய மேற்பரப்பு உடையவை. வேறு சில மெல்லிய வார்னிஷ் பூசப்பட்டவை. மங்கிய அழுக்கு என்று எண்ணித் தேய்ப்பவர் தொழிற்சாலை கொடுத்த நிறத்தையே அகற்றிவிடுகிறார். மஞ்சளாக மின்னும் அந்த எஞ்சின் எந்த விலைப்பட்டியலிலும் இடம்பெறாத ஒரு புதுப்பொருள். தேய்க்கும் ஒவ்வொரு முறையும் தகட்டின் கனமும் குறைகிறது; அழுத்தத்தைத் தாங்க வேண்டிய கொதிகலனுக்கு அதுவே ஆபத்து.

வண்ணத்திலும் இதே சிக்கல். தொடக்ககாலப் பொம்மைகளுக்குக் கையால் வண்ணம் தீட்டினர். பின்னர் தகரத்தின்மேல் அச்சிடும் முறை பரவியது. சக்கரத்தின் ஆரங்களில் இழுத்த சிவப்புக்கோடு ஓரிடத்தில் சற்றே தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் இருந்தால், அது பெயர் தெரியாத ஒரு தொழிலாளியின் தூரிகை நடந்த வழி. நிறுவன உரிமையாளர்களின் பெயர்களாவது பதிவேடுகளில் உண்டு. வண்ணம் தீட்டியவருக்கு அக்கோட்டைத் தவிர வேறு கையொப்பம் இல்லை. முழுவதையும் உரித்துப் புதுவண்ணம் அடிக்கும்போது அதுவும் போகிறது. அனுபவமிக்க சேகரிப்பாளர்கள் தேய்ந்த மூல வண்ணமுள்ள எஞ்சினுக்குப் புதுவண்ணம் அடித்த எஞ்சினைவிட மிகுந்த விலை தருவதற்கு இது ஒரு காரணம்.

கொதிகலன் மூட்டைப் பழுதுபார்ப்பதில் தெரிவு இன்னும் கடினமானது. பழைய முறைப்படி ஈயப்பற்று வைத்தால் மூலத்துக்கு நேர்மையாக இருக்கும். ஆனால் நீர் வற்றினால் மீண்டும் கழலும். வெள்ளிப் பற்று வைத்தால் உறுதி பலமடங்கு கூடும். ஆனால் அது உருக 600 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பம் வேண்டும். அவ்வெப்பத்தில் பித்தளை செந்தணலாகி இளகுதன்மை பெறும். அருகிலுள்ள வண்ணமும் நீலமும் எரிந்துபோகும். பிறகு பழைய ஈயப்பற்றுக்குத் திரும்புவது அரிது. ஓடும் எஞ்சின் கிடைக்கிறது. எப்படிச் செய்யப்பட்டது என்ற சான்று மறைகிறது.

1920களிலும் 30களிலும் துத்தநாகக் கலவையை அச்சில் வார்த்துச் செய்த உறுப்புகள் தாமாகவே நோய்ப்படுபவை. கலவையில் சிறிதளவு ஈயம் கலந்திருந்தாலும் பல்லாண்டுகளில் உலோகம் உள்ளிருந்தே வெடித்து, வீங்கி, பொடியாகிறது. இதற்கு மருந்தில்லை, அவ்வுறுப்பை அளவெடுத்துப் புதிதாக வார்ப்பதே வழி. புது உறுப்பில் அது புதியது என்பதைக் காட்டும் குறியைச் சீரமைப்பாளர் பொறித்தால் பின்வருபவர் ஏமாறமாட்டார். பொறிக்காவிட்டால் சீரமைப்புக்கும் போலிக்கும் இடையிலான கோடு மெலிந்துவிடும்.

பழைய விளக்குத் திரிகளிலும் அடைப்பு வளையங்களிலும் கல்நார் இருக்கலாம். பழைய வண்ணத்தில் ஈயம் இருக்கலாம். உப்புத்தாளை எடுக்குமுன் இவற்றை அறிந்திருப்பது உடல்நலனுக்கு இன்றியமையாதது. சான்றைக் காக்க வேண்டும் என்னும் வரலாற்றறிவும் நுரையீரலைக் காக்க வேண்டும் என்னும் பொதுஅறிவும் இங்கே ஒரே அறிவுரையைத் தருகின்றன: தேய்க்காதே.

ஓட்டுவதா, காப்பதா?

இத்தாலியக் கோட்பாட்டாளர் செசாரே பிராண்டி 1963-இல் வெளியிட்ட சீரமைப்புக் கோட்பாட்டு நூலில், தொழிற்பொருளின் சீரமைப்பையும் கலைப்பொருளின் சீரமைப்பையும் வேறுபடுத்தினார். தொழிற்பொருளைப் பொறுத்தவரை அதன் செயலை மீட்பதே நோக்கம். கலைப்பொருளில் செயல் இரண்டாம் நிலையது. அடுத்த ஆண்டு உருவான வெனிஸ் சாசனம், ஊகம் தொடங்கும் இடத்தில் சீரமைப்பு நின்றுவிட வேண்டும் என்று வரையறுத்தது. பொம்மை நீராவி எஞ்சின் இவ்விரு கருத்துகளுக்கும் நடுவே நிற்கிறது. அது தொழிற்பொருள், ஆகவே ஓட வேண்டும். அது வரலாற்றுச் சான்று, ஆகவே மாறக்கூடாது.

பெரிய எஞ்சின்களில் இவ்வழக்கு இந்தியர்களுக்குப் புதிதன்று. 1855-இல் லீட்ஸ் நகரில் செய்யப்பட்ட ‘ஃபேரி குயின்’ பல்லாண்டுகள் காட்சிப்பொருளாக நின்றபின், பெரம்பூர்ப் பணிமனையில் சீரமைக்கப்பட்டு 1997-இல் தில்லிக்கும் அல்வாருக்கும் இடையே மீண்டும் ஓடியது. நிற்கும் எஞ்சினை விட ஓடும் எஞ்சின் மக்களை ஈர்க்கிறது. அதே ஓட்டம் பழைய உலோகத்தைத் தேய்க்கவும் செய்கிறது.

பொம்மை எஞ்சின்களைப் பொறுத்தவரை ஒரு நடைமுறைத் தீர்வு உண்டு. அது எண்ணிக்கையைச் சார்ந்தது. மாமோட் நிறுவனத்தின் 1961-ஆம் ஆண்டுச் சாலை உருளையும் 1963-ஆம் ஆண்டு இழுவை எஞ்சினும் பெருமளவில் செய்யப்பட்டவை. ஜெர்மனியின் லூடன்ஷைட் நகரில் 1912-இல் தொடங்கிய வில்லெஸ்கோ நிறுவனம் 1950 முதல் செய்துவரும் எஞ்சின்களும் மிகுதியாகக் கிடைப்பவை. இவற்றைப் பழுதுபார்த்து ஓட்டுவதால் வரலாற்றுக்கு இழப்பு சிறிதே, கிடைப்பது பெரிது. கொதிநீரில் எண்ணெய் கலந்த அந்த வாசனை, வால்வு சீறும் ஓசை, சக்கரத்தைக் கையால் ஒருமுறை சுழற்றிவிட்ட பின்னரே எஞ்சின் உயிர்பெறும் அந்தத் தயக்கம் ஆகியவற்றை எந்தக் கண்ணாடிப் பேழையும் தராது. எஞ்சியிருப்பது ஒன்றிரண்டே என்னும் நிலையிலுள்ள பொருளையோ, அறுபட்ட ஒரு நிறுவனத்தின் முத்திரை தாங்கிய பொருளையோ அவ்வாறு ஓட்டுவது தகாது. அதை ஒளிப்படமெடுத்து, அளவெடுத்து, உள்ளது உள்ளபடி பேணுவதே முறை. எதைச் செய்தாலும், என்ன மாற்றப்பட்டது என்ற குறிப்பு பொருளோடு சேர்ந்தே பயணிக்க வேண்டும். கழற்றிய பழைய உறுப்பைக் குப்பையில் எறியாமல் ஒரு சிறு உறையிலிட்டு உடன் வைப்பது மிக எளிய ஒழுங்கு. மிக அரிதாகவே பின்பற்றப்படுவதும் அதுவே.

முத்திரை இல்லாத எஞ்சின்

முத்திரையும் விலைப்பட்டியலும் உள்ள பொருளே சேகரிக்கப்படுகிறது, சேகரிக்கப்படுவதே சீரமைக்கப்படுகிறது, சீரமைக்கப்படுவதே அருங்காட்சியகத்தை அடைகிறது. இச்சங்கிலிக்கு வெளியே நின்றுவிட்ட நீராவிப் பொம்மை ஒன்று இந்தியாவில் உண்டு. திருவிழாக் கடைகளிலும் வடஇந்திய மேளாக்களிலும் விற்கப்பட்ட, தண்ணீர்த் தொட்டியில் ‘டப் டப்’ என்ற ஓசையோடு ஓடும் தகரப் படகு அது.

அதன் உள்ளே தட்டையான சிறு கொதிகலனும் படகின் பின்புறம் நீருக்குள் திறக்கும் இரு குழாய்களும் மட்டுமே உள்ளன. பிஸ்டன் இல்லை, வால்வு இல்லை, சக்கரம் இல்லை. மெழுகுவத்தியோ எண்ணெய்த் திரியோ சூடேற்றும்போது உண்டாகும் நீராவி குழாயிலுள்ள நீரைப் பின்னோக்கித் தள்ளுகிறது. நீராவி குளிர்ந்து சுருங்கும்போது நீர் மீண்டும் உள்ளே ஏறுகிறது. வெளியேறும் நீர் ஒரே திசையில் பாய்கிறது. உள்ளே வரும் நீரோ எல்லாப் பக்கத்திலிருந்தும் இழுக்கப்படுகிறது. இவ்வேறுபாட்டால் படகு முன்னேறுகிறது. தாமஸ் பியோ என்பவர் 1891-இல் பிரிட்டனில் இத்தகைய படகுக்குக் காப்புரிமை பெற்றார். ஓசை எழுப்பும் மெல்லிய தகட்டுடன் கூடிய வடிவத்துக்குப் பின்னர் அமெரிக்காவில் சார்ல்ஸ் மெக்ஹ்யூ விண்ணப்பித்தார். காப்புரிமைத் தாள்களுக்கு அப்பால் இப்பொம்மை தன்வழியே பரவியது; இந்தியாவில் அது சிறுபட்டறைகளின், குடிசைத்தொழிலின் பொருளாயிற்று.

அதைச் செய்த கைவினைஞர்கள் விலைப்பட்டியல் அச்சிடவில்லை, முத்திரை பொறிக்கவில்லை. படகு துருப்பிடித்தால் காயலான் கடைக்குப் போனது. நூரெம்பெர்க் நகரம் தன் பொம்மை வரலாற்றுக்காக 1971-இல் ஓர் அருங்காட்சியகத்தைத் திறந்தது. ஏலச்சந்தையில் பிங் எஞ்சினுக்கு மதிப்பு ஏறிக்கொண்டிருந்த அதே காலத்தில் இங்கே தகரப் படகு சில்லறைக் காசுக்கு விற்று, சில வாரங்களில் மறைந்துகொண்டிருந்தது.

எனினும் அப்படகு முற்றிலும் ஊமையன்று. பயன்படுத்திய எண்ணெய் டின்களையும் பிற தகர டப்பாக்களையும் வெட்டிச் செய்த படகுகளில், வெளிப்புறம் வண்ணம் பூசியிருந்தாலும் உட்புறத்தில் டப்பாவின் பழைய அச்செழுத்துகள் சிலவேளை அப்படியே இருக்கும்: ஒரு வணிகப்பெயரின் பாதி, ஓர் ஊரின் கடைசி இரண்டெழுத்து, எடையளவு. அவ்வெழுத்தைக் கொண்டு தகரம் எங்கிருந்து வந்தது, ஏறத்தாழ எந்தக் காலத்தது என்று கணிக்க இயலும். பிங் எஞ்சினின் முத்திரைக்கு இணையான சான்று அதுவே. வீட்டுப் பரணிலோ பழைய கடையின் மூலையிலோ அத்தகைய படகு ஒன்று கிடைத்தால், துருவை நீக்கி வண்ணம் பூசுவதற்கு முன்பு அதைத் தலைகீழாகத் திருப்பி உட்புறத்தைப் படித்துக் குறித்துக்கொள்வது ஆய்வாளர் செய்யவேண்டிய முதல் வேலை.